தவமலர் செய்தது சரி

மருந்தகத்துக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, ஓய்வு பெற்ற ஆளைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால் பொறுமை, பணிவு, தொண்டு என்று எதையாவது எடுத்துவிடுவார்கள் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். எனக்கு அதெல்லாம் வராது. எனக்கு நன்றாகத் தெரிந்த சங்கதி பொறாமை. உங்களில் யாருக்காவது பக்கத்து மேசைக்காரியைப் பார்த்து வயிறு எரிகிறதென்றால், இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

நான் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். பதுளையில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளராகச் சேர்ந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். தொண்ணூறுகள் முழுக்க அந்த மருந்தகம் என் ராச்சியம். எந்தப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கிறது, கரண்ட் போனால் எந்த மருந்தை முதலில் ஐஸுக்கு மாற்ற வேண்டும், எந்த டொக்டரின் கையெழுத்தில் ஒன்று ஏழாகத் தெரியும், எல்லாம் எனக்கு அத்துப்படி. "சரோஜா மிஸ்ஸைக் கேளுங்க" என்பதுதான் அந்தக் கட்டடத்தின் தேசிய கீதம்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் தவமலர் வந்தாள். யாழ்ப்பாணத்துக்காரி, என்னைவிட வயதில் நன்றாக இளையவள், வெளிநாட்டில் பயிற்சி முடித்துவிட்டு நேரே எங்களிடம் இடமாற்றம். வந்த முதல் வாரமே தேநீர் கொண்டுவருகிறவர் அவளுக்குச் சீனி குறைத்து ஊற்ற ஆரம்பித்துவிட்டார். எனக்கும் சீனி குறைவாகத்தான் வேண்டும். பத்து வருடத்துக்கு மேலாக நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. அவள் ஒரு தடவை சிரித்தாள், காரியம் முடிந்தது. அன்றைக்குப் பற்றிய தீ.

அவள் படித்துவிட்டு வந்த விசயம் மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் வைத்து உடம்புக்குள் அனுப்புவது. இப்போது உங்களுக்கு அது சாதாரணம். அப்போது எங்களுக்குப் புதுமை. அம்போடெரிசின் என்ற பூஞ்சண மருந்து எங்கள் அலமாரியில் முன்பே இருந்தது. பூஞ்சணத்தைக் கொல்லும், போகிற வழியில் சிறுநீரகத்தையும் ஒரு கை பார்த்துவிடும். அதே மருந்தைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து கொடுத்தால், குமிழியின் தோல் நம் உயிரணுக்களின் சவ்வு மாதிரியே இருப்பதால், இரத்தத்தில் அது அமைதியாகப் போகும். சிறுநீரகத்தை அவ்வளவாகத் தொந்தரவு பண்ணாது. பூஞ்சணம் இருக்கிற இடத்தில் போய் மருந்தை இறக்கும்.

இதைத்தான் தவமலர் ஒரு நாள் டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் வகுப்பாக எடுத்தாள். திரையில் படம் போட்டு, இங்கிலீசில். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். குளுக்கோஸ் நீரில்தான் கலக்க வேண்டும் என்று அவள் ஆரம்பித்தபோது எழுந்து வந்துவிட்டேன். பழைய மருந்தையும் குளுக்கோஸில்தானே கலக்கிறோம், இவள் யார் எனக்குச் சொல்லித்தர என்ற எண்ணம்.

வகுப்பு முடிந்ததும் நோயாளர் வாட்டில் வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேர் என்னிடம் வந்து, "அந்த மிஸ் என்னமோ சொன்னாங்க, ஒண்ணும் வெளங்கலீங்க" என்றார்கள். எனக்கு அப்படியே குளிர்ந்துபோனது. "கொழுக்கட்டைன்னு வச்சுக்கங்க. மாவு உடையாத வரைக்கும் உள்ள இருக்கிற இனிப்பு வெளிய வராது. அவ்வளவுதான் கத" என்று விளக்கினேன். அடுத்த வகுப்பில் தவமலர் கொழுக்கட்டையைச் சொன்னாள். கூட்டம் சிரித்துக் கைதட்டியது. "சரோஜாக்கா சொன்ன உவமை" என்றும் சொன்னாள்தான். அது யார் காதில் விழுந்தது?

இப்படி நான் வெந்துகொண்டிருந்த காலத்தில் ராசம்மா வந்து சேர்ந்தாள்.

ராசம்மா என் கூட்டாளி. ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் வளர்ந்தோம். நான் படித்து வெளியே வந்தேன், அவள் கொழுந்துக் கூடையை எடுத்தாள். சீனி வியாதி அவளைப் பிடித்திருந்தது. மலையிலிருந்து பசறைக்கு இறங்கி மருந்தெடுக்க ஒரு நாள் சம்பளம் போகுமென்று அதைக் கவனிக்காமலே விட்டிருந்தாள். மூக்கில் கறுப்பாக ஒழுகி, முகம் ஒரு பக்கம் வீங்கி, காய்ச்சலோடு கொண்டுவந்தார்கள். சீனி வியாதிக்காரர்களின் மூக்கு வழியாக ஏறி, கண்ணைத் தின்று, மூளைக்குப் போகிற பூஞ்சணம். ஒப்பரேசன் பண்ணி அழுகினதைச் சுரண்டி எடுத்தார்கள். அதோடு இடது கண் போனது. மிச்சமிருந்தது வலது கண்ணும் உயிரும்.

பழைய மருந்தை ஏற்றினார்கள். பூஞ்சணம் அடங்குவதற்கு முன் சிறுநீர் குறைய ஆரம்பித்தது. தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம் போகும், நிறுத்தினால் பூஞ்சணம் மூளைக்குப் போகும். அப்போது தவமலர்தான் கொழும்பில் யார் யாரையோ பிடித்து, கொழுப்புக் குமிழி மருந்து ஒரு சிறு பெட்டி வரவழைத்தாள். என் கூட்டாளிக்காக நான் செய்ய முடியாததை அவள் இரண்டு தொலைபேசி அழைப்பில் செய்தாள். நன்றியாகத்தான் இருந்தது. ஆனால் நன்றி வயிற்றெரிச்சலை அணைக்கும் என்று யார் சொன்னது?

முதல் நாள் மருந்தைத் தவமலர் தன் கையாலேயே கலந்து, கட்டிலருகில் உட்கார்ந்து, கடைசிச் சொட்டு இறங்கும் வரை ராசம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். வாட்டு முழுக்க அதுதான் பேச்சு. எனக்குப் போகக் கால் வரவில்லை. அவள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நான் போய் எங்கே நிற்பது?

மறுநாள் தவமலருக்கு மொனராகலையில் தாதிமாருக்கான வகுப்பு. காலையில் வந்து, அன்றைய மருந்தைக் குளுக்கோஸ் போத்தலில் கலந்து, வாட்டுக்கு அனுப்பிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். மருந்தோடு வந்த விளக்கத் தாளையும் வகுப்பில் காட்டக் கொண்டுபோயிருந்தாள். கொஞ்ச நேரத்தில் வாட்டிலிருந்து அந்தப் போத்தல் அப்படியே திரும்பி வந்தது. பின்னாலேயே டொக்டர் நவாஸின் தொலைபேசி. பண்டாரவளைப் பிள்ளை, அந்த வாட்டுக்குப் புதிதாக வந்திருந்தவர், நல்ல கவனமான டொக்டர்.

"மிஸ், ராசம்மாட சீனி எங்கேயோ ஏறி நிக்குது. இந்த நேரத்துல குளுக்கோஸ்ல கலந்து அனுப்பியிருக்கீங்களே. சேலைன்ல கலந்து வேற தாங்க."

"தவமலர் மிஸ்தான் கலந்தாங்க டொக்டர்" என்றேன். நான் அனுப்பவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டுமல்லவா.

"யார் கலந்தா என்ன மிஸ். பழைய மருந்து சேலைன்ல திரிஞ்சு போகும், அதுக்கு வேற வழியில்ல, எனக்குத் தெரியும். இதுதான் கொழுப்புக்குள்ள பொத்தி வச்சிருக்கே. உப்பு அத என்ன செய்யப் போகுது? ஆளுக்கு வேற காய்ச்சல் ஏறுது. கெதியா அனுப்புங்க."

அவரைக் குறை சொல்லாதீர்கள். கவனமில்லாத டொக்டர் என்றால் போத்தலில் என்ன இருக்கிறது என்று பார்த்திருக்கவே மாட்டார், மருந்து ஒழுங்காக ஏறியிருக்கும். சீனி வியாதிக்காரிக்குச் சீனித் தண்ணீரா என்று பதறுவது நல்ல மனசு. நம் தொழிலில் நல்ல மனசு செய்கிற பிழைக்குத்தான் நீங்கள் ரொம்பப் பயப்பட வேண்டும்.

எனக்கு அந்த நேரத்தில் பயமே இல்லை. சந்தோசம். பழம் நழுவிப் பாலில் விழுந்து, அதுவும் நழுவி வாயில் விழுந்தது என்பார்களே, அப்படி. டொக்டர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. குமிழிக்குள் இருக்கிற மருந்துக்கு உப்பு என்ன, சீனி என்ன? வகுப்பில் சொன்னதும் பழைய மருந்தின் பழக்கத்தில்தான், அதே பழக்கத்தில் வெளிநாட்டுப் படிப்புக்காரி குளுக்கோஸை ஊற்றிவிட்டாள். பிழை விட்டுவிட்டாள். அதுவும் ஒரு டொக்டர் கண்டுபிடித்து, என் கையில் கொண்டுவந்து தந்திருக்கிறார்.

பெட்டியில் இருந்த குப்பிகள் கொஞ்சம்தான். ஒன்றை உடைத்துச் சேலைனில் கலந்து அனுப்ப எனக்கு அதிக நேரம் ஆகாது. ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன்.

அப்போது என் பொறாமை குறுக்கே வந்து நின்றது. நாளைக் காலையில் தவமலர் வருவாள். நான் விசயத்தைச் சொல்வேன். அவள் அந்தச் சிரிப்பைச் சிரித்து, "அப்பிடியோ அக்கா, பரவாயில்லை" என்று சொல்லி, கைப்பையை மேசையில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவாள். அவ்வளவுதானா? இத்தனை காலம் காத்திருந்ததற்கு அது போதாது. அவள் மேசையில் அத்தாட்சியை வைக்க வேண்டும். குளுக்கோஸில் கலந்ததும் சேலைனில் கலந்ததும் ஒரே மாதிரி இருக்கிறது, பார்த்துக்கொள் என்று கண்ணுக்கு முன் காட்ட வேண்டும்.

முந்தின நாள் கரைத்த குப்பியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எறிவதற்கு வைத்திருந்த தட்டில் கிடந்தது. அதை உறிஞ்சி எடுத்து, இரண்டு சின்னக் கண்ணாடிப் போத்தல்களில் பாதிப் பாதி விட்டேன். ஒன்றில் குளுக்கோஸ் நீர் சேர்த்தேன். இளமஞ்சளாக, மங்கலாக, முந்தின நாள் இருந்த மாதிரியே இருந்தது. மற்றதில் சேலைன் சேர்த்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. "பாத்தியா" என்று வாய்விட்டே சொன்னேன். பிறகு அது கலங்கத் தொடங்கியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகத் துகள் கட்டி, எலுமிச்சம்புளி பட்ட பால் மாதிரித் திரிந்து, அடியில் போய் உட்கார்ந்தது. குலுக்கினேன். கரையவில்லை. கொழுக்கட்டை, கொழுக்கட்டை என்று ஊருக்கெல்லாம் சொன்னேனே, அதன் மாவையே உப்பு கெடுத்துவிட்டது.

அதைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்தது ராசம்மா இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். 'அட நாசமாப் போறவளே, இதிலேயும் நீதான் சரியா' என்பதுதான் வந்தது. ராசம்மா அதற்குப் பிறகுதான் வந்தாள். இந்தத் துகள் அவளுடைய இரத்தக் குழாயில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும், கடைசிக் குப்பிகளும் பாழாகி மறுபடி பழைய மருந்துக்கே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் தொலைபேசியை எடுத்தேன்.

மொனராகலைக்கு அழைத்துப் பார்த்தேன். தவமலர் இன்னும் பஸ்ஸில். தவமலர் கலந்த போத்தலையும் அதிக நேரம் வைத்திருக்க முடியாது. அதைத் துணியில் சுற்றி ஒரு கையிலும், இரண்டு சின்னப் போத்தல்களை மறு கையிலும் எடுத்துக்கொண்டு வாட்டுக்கு ஓடினேன்.

டொக்டர் நவாஸ் என் கையைப் பார்த்தார். "எங்க மிஸ் சேலைன்ல கலந்தது?"

"இதோ" என்று திரிந்ததைக் காட்டினேன். "இதத்தான் ஏத்தச் சொன்னீங்க."

அவர் அதை வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. ஆனாலும் உடனே இறங்கி வரவில்லை. "சரி, சேலைன் வேணாம். அதுக்காகக் குளுக்கோஸ் ஏத்துறதா? இவங்கட சீனியப் பாத்தீங்களா? நாளைக்குப் பெரிய டொக்டர் என்னைத்தானே கேப்பாரு. தவமலர் மிஸ் வந்த பிறகு பாப்போமே."

"சீனி ஏறினா இறக்க உங்ககிட்ட இன்சுலின் இருக்கு டொக்டர். பூஞ்சணம் இன்னும் ஒரு விரக்கடை ஏறினா இறக்க என்ன இருக்கு?"

"நீங்க சொல்றீங்க மிஸ். இந்த மருந்தப் பத்தி படிச்சது அவங்க. அவங்க செஞ்சதுல பிழை இல்லைன்னு நீங்க பொறுப்பு எடுப்பீங்களா?"

பிள்ளைகளே, மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டோமோ என்று பயந்து விழித்திருந்த இரவுகள் எனக்கு உண்டு. கரண்ட் இல்லாமல் தடுப்பூசிப் பெட்டியைக் காப்பாற்றிய நாட்கள் உண்டு. எதுவும் இந்தக் கேள்வி அளவுக்கு எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. சுற்றிலும் தாதிமார் நின்றார்கள். கைதட்டினவர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"தவமலர் செஞ்சது சரி" என்றேன்.

டொக்டர் தலையாட்டினார். இன்சுலினைக் கூட்டினார். தாதி வழக்கப்படி ஊசிக் குழாயைச் சேலைனால் கழுவப் போனாள். நான் அவள் கையைப் பிடித்தேன். குழாயையும் குளுக்கோஸால்தான் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் போத்தலில் திரியாதது குழாயில் திரியும். அதுவும் தவமலர் வகுப்பில் சொன்னதாக அந்தத் தாதியே பிறகு ஞாபகப்படுத்தினாள். நான்தான் எழுந்து போயிருந்தேனே.

ராசம்மாவுக்கு ஒரு கண்ணில் கட்டு, மற்றது வீங்கி மூடியிருந்தது. காய்ச்சல் வேகத்தில் குழாயைப் பிடுங்கப் பார்த்தாள். "ஆள அசையவிடாம பாத்துக்கங்க மிஸ்" என்றார் டொக்டர். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தேன். அவள் என் விரல்களைத் தடவிப் பார்த்துவிட்டு, "மலரு மிஸ்ஸா?" என்றாள்.

வாயைத் திறந்தால் என் குரலைக் கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்தால் அழுவாள், எழும்பி உட்காரப் பார்ப்பாள், வீட்டுக் கதையெல்லாம் பேசுவாள். குழாய் பிடுங்கிக்கொள்ளும். தவமலர் என்றால் அடங்கிப் படுப்பாள். முதல் நாள் அப்படித்தான் படுத்திருந்தாளாம்.

"ம்" என்றேன்.

"நீங்க இருந்தாப் போதும் மிஸ். எனக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டு என் கையைக் கன்னத்தின் கீழே வைத்துக்கொண்டாள். கடைசிச் சொட்டு இறங்கும் வரை நான் தவமலராக உட்கார்ந்திருந்தேன். அந்த வேலையும் என்னால் முடிந்தது.

மறுநாள் காலையில் தவமலர் வந்தபோது இரண்டு சின்னப் போத்தல்களும் அவள் மேசையில் இருந்தன. அத்தாட்சியை வைப்பது என்று முடிவு செய்தாயிற்று, என்ன அத்தாட்சியாக இருந்தால் என்ன? அவள் குனிந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

"சரோஜாக்கா, இதை நீங்களே செய்து பாத்தனீங்கள்?"

"ஆமா."

"நான் இதைப் புத்தகத்திலதான் வாசிச்சனான். ஒருக்காலும் கண்ணால காணேல்லை." திரிந்த போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நேற்று நீங்கள் இல்லாட்டி எனக்கு அந்த மனிசியின்ர முகத்தில முழிக்கேலாது அக்கா. நான் அந்தத் தாளை விட்டிட்டுப் போயிருக்கவேணும்."

பொறாமைப்படுகிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு கிழமை நன்றாகத் தூங்கினேன். பிறகு அவள் அந்த இரண்டு போத்தல் வித்தையை வகுப்பில் செய்துகாட்ட ஆரம்பித்தாள். கொழும்புக்குப் போயும் செய்துகாட்டினாள். "பதுளையில சரோஜாக்கா செய்தது" என்று சொல்லித்தான் செய்வாளாம். கைதட்டு யாருக்கு என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

பொறாமைப்படாதீர்கள் என்று உங்களுக்குப் புத்தி சொல்ல நான் யார்? படுங்கள். ஆனால் பட்டால் முழுசாகப் படுங்கள். எதிராளியின் பிழையை அத்தாட்சியோடு பிடிக்க வேண்டும் என்கிற அளவுக்குப் படுங்கள். அரைகுறைப் பொறாமைதான் ஆளைக் கொல்லும். அன்றைக்கு எனக்குப் பொறாமை கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால், "சரிங்க டொக்டர்" என்று சொல்லிச் சேலைனில் கலந்து அனுப்பியிருப்பேன்.

ராசம்மா பிழைத்தாள். வலது கண்ணும் பிழைத்தது. கட்டு அவிழ்த்து, எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகு மருந்தகத்து ஜன்னலுக்கு வந்து நின்றாள். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏன்டி சரோஜா, நீயும் இதே ஆசுபத்திரியிலதான இருக்க? நான் சாகக் கெடந்தேன், ஒரு நாளு எட்டிப் பாத்தியா? மலரு மிஸ்ஸு யாரு பெத்த புள்ளையோ, கைய விடாம உக்காந்திருந்துச்சு."

"வேல அதிகம்டி" என்றேன். சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அன்றைக்கு அவள் பயமில்லாமல் படுத்திருந்தது மலர் மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு. அந்தக் கையைப் பிடுங்கி என் கை என்று காட்ட, எனக்கே மனசு வரவில்லை.

பிறகு அவளுடைய மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ராசம்மாதான் பெயர் வைத்தாள். தவமலர் என்று.

மடுல்சீமைக்குப் போகும்போதெல்லாம் அந்த வீட்டுக்குப் போவேன். அந்தப் பிள்ளை நல்ல உயரமாக, படிப்பில் கெட்டிக்காரியாக வளர்ந்துவிட்டது. நான் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். போன தடவை தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுக் கேட்டாள்: "எல்லாரும் பேரச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. நீங்க மட்டும் ஏன் ஆச்சி, என் பேரச் சொல்லவே மாட்டேங்கிறீங்க?"

"வாயில நுழையலம்மா" என்றேன். தேத்தண்ணியில் சீனி சரியாகக் குறைத்துப் போட்டிருந்தாள்.